தூக்கிக்கொண்டு போகிற கம்ப்யூட்டர்

3 ஜூன் 2001, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். ஓடு ஒழுகும் இடத்தில் குண்டான் வைத்தேன். கறி எடுக்கவில்லை. முட்டைக் குழம்பு.

மகள் விஜிக்கு நாளை இரண்டாம் வருஷம் தொடங்குகிறது. டிசைன் படிப்பு, பெங்களூரில். இனி சொந்தமாகக் கம்ப்யூட்டர் இல்லாமல் முடியாதாம், லேபில் இடம் பிடிக்கவே சண்டையாம். அவள் மேடம் சொன்னது: பெட்டிக் கம்ப்யூட்டர் வாங்கு, திரை பெரிசு, கலர் சரியாகத் தெரியும். ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு ரயிலில் அலைய முடியாது. தோழியோடு ரூம் எடுத்து அங்கேயே வைக்க வேண்டும். வீட்டுக்கு ஞாயிறு மட்டும்.

லேப்டாப் என்றால் இப்போதுபோலவே தினமும் எங்கள் ஊரிகம் ஸ்டேஷனில் வந்து இறங்குவாள்.

நான் லேப்டாப் கட்சி. காரணம் வெளியே சொல்லவில்லை. தங்கச் சுரங்கம் மூடியதிலிருந்து எனக்கு இருக்கிற ஒரே ஷிப்ட், அவளுடைய ராத்திரி ரயிலுக்குப் போய் நிற்பது.

6 ஜூன், புதன்

பக்கத்து வீட்டுக் கன்னியப்பன் வந்தான். அவன் அண்டர்கிரவுண்டில் இருந்தவன். நான் மேலே, வைண்டிங் இன்ஜின் டிரைவர். எத்தனையோ வருஷம் அவனைக் கேஜில், அந்த இரும்புக் கூண்டில், சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றியிருக்கிறேன். அதனால் என் வீட்டு விஷயத்தில் அவனுக்குப் பாதி உரிமை உண்டென்று நினைப்பு.

"இன்னா டிரைவரே, படிச்ச மேடம் பெட்டின்னு சொல்லுது. நீ இன்னாத்துக்குக் குறுக்க நிக்கிற?"

"பொண்ண ரூம்ல தனியா எப்பிடி உடறது?"

"பொண்ணு தனியா இருக்குமா, நீ தனியா இருப்பியா?"

டீ கொடுக்காமல் அனுப்பியிருக்க வேண்டும். குடித்துவிட்டுத்தான் போனான்.

விஜி அம்மா சரோஜா இருந்திருந்தால் அவளும் இதையே கேட்டிருப்பாள். அவள் போய் மூன்று வருஷம். இன்னும் உலையில் அரிசி கூடுதலாகத்தான் விழுகிறது.

9 ஜூன், சனி

பெங்களூர். நானும் விஜியும். நல்ல வெயில். கடை கடையாக ஏறி இறங்கி, கால் வலி.

பார்த்தது: எடை, பேட்டரி, சி.டி. போடும் இடம், திரை. திரை விஷயம் எனக்கே புரிந்தது. நேராகப் பார்த்தால் சிவப்பு. தலையைச் சாய்த்தால் அதே சிவப்பு காவி. விஜி இப்படியும் அப்படியும் சாய்ந்து பார்த்தபடி இருந்தாள். பக்கத்திலேயே பெட்டிக் கம்ப்யூட்டர், எங்கே நின்றாலும் ஒரே சிவப்பு. அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

லேப்டாப்பின் பட்டன்களில் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று, 'ஷிப்ட்' என்று எழுதியிருந்தது.

"ரெண்டு ஷிப்ட்தான் கீது. நைட் ஷிப்ட் எங்க?" என்றேன். விஜி வாய்விட்டுச் சிரித்தாள். கடைக்காரருக்குப் புரியவில்லை.

அவர் அதை மூடி என் கையில் வைத்தார். "பாருங்க சார், எங்க வேணாலும் எடுத்துட்டுப் போலாம்."

எனக்கு அது போதும். "கலர் பரவால்லியாம்மா?" என்று கேட்டேன்.

அவள் திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். "பரவால்லப்பா. இதுவே எடுத்துக்கலாம்."

அவளுக்குத் திருப்தி இல்லை. தெரிந்தது. தெரியாத மாதிரி பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டேன்.

17 ஜூன், ஞாயிறு

ஜன்னல் பக்கம் புது பிளக் பாயின்ட் போட்டேன், மேஜை உயரத்துக்கு. மதியம் ரசம், அப்பளம்.

விஜிக்குச் சோப்பு உறை வரைகிற வேலை.

"இந்தச் செவப்பா, அந்தச் செவப்பா?"

"ரெண்டும் ஒண்ணுதாம்மா."

"அங்க உக்காந்தா அப்பிடித்தான் தெரியும். இங்க வா."

அவள் நாற்காலிக்கு நேர் பின்னால் நின்று, அவள் தலைக்கு மேல் குனிந்தால்தான் அவள் பார்க்கிற சிவப்பு எனக்கும் தெரிகிறது. தேங்காய் எண்ணெய் வாசனை. சோப்பைப் பற்றி ஏதேதோ கருத்துச் சொல்லிக்கொண்டு முதுகு வலிக்கும் வரை நின்றேன். சந்தோஷமாக இருந்தது.

12 ஜூலை, வியாழன்

பகலெல்லாம் காற்று. சுரங்கக் கழிவு கொட்டிய சயனைடு மேட்டுத் தூசி வீடு முழுக்க. சாயங்காலத்திலிருந்து கரெண்ட் இல்லை.

விஜி செருப்பைக் கழற்றாமலே சொன்னாள். அகமதாபாத்தில் ஒரு கம்பெனி, ஆறு மாசப் பயிற்சி. பிடித்துப்போனால் படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலை. வகுப்பில் இவளுக்கு மட்டும்.

"உன்ன எப்பிடிம்மா எடுத்தாங்க?"

"ஒர்க் நல்லா இருக்காம். அப்புறம், சொந்தமா லேப்டாப் இருக்கறவங்கதான் வரணுமாம். பெட்டிய யாரு அங்க வரைக்கும் தூக்கினு போவாங்க? நீ சொன்னதுதாம்பா சரியாச்சு!"

நான் சொன்னதுதான் சரியாச்சாம்.

அப்புறம் பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பாமல்: "நீ வேணாம்னா போவலப்பா."

வேணாம் என்று வாய் வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் நின்றிருப்பாள். கடையில் என் முகத்தைப் பார்த்துச் சரியென்றவள்தானே. "போய்ட்டு வாம்மா" என்றேன். கரெண்ட் இல்லாதது நல்லதாயிற்று. முகம் தெரிந்திருக்காது.

28 ஜூலை, சனி

அவளுக்கு எடுத்து வைக்க: ஸ்வெட்டர், எலுமிச்சை ஊறுகாய், பூட்டு, சரோஜா போட்டோ (சின்னது).

கன்னியப்பன்: "இந்த ஊர உட்டுப் போனவன் எவன் திரும்பி வந்தான்?" சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். "நம்ம விஜி வரும் டிரைவரே."

நல்லவன்தான். இன்று நானே கூப்பிட்டு டீ கொடுத்தேன்.

5 ஆகஸ்ட், ஞாயிறு

பெங்களூர் ஸ்டேஷன், ஒரே கூட்டம். துணிப் பெட்டியைச் சீட்டுக்கு அடியில் தள்ளினாள். லேப்டாப் பை மட்டும் மடியில். ஜன்னல் கம்பி வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேளைக்குச் சாப்புடு. அரிசி ஒரு ஆளுக்கு மட்டும் போடு, இன்னாப்பா?"

தலையாட்டினேன்.

கேஜில் ஆள் இருந்தால் மெதுவாக எடுக்க வேண்டும், குலுங்கக் கூடாது. சர்வீஸ் முழுக்க நான் அப்படித்தான் எடுத்தேன். இந்த ரயில்காரன் வெடுக்கென்று இழுத்தான். கை விட்டுப்போயிற்று.

ஊரிகம் வந்து இறங்கும்போது மழை. குண்டானை ஒழுகும் இடத்துக்கு நகர்த்தினேன். அழுதேன், சத்தமாகவே. வீட்டில் வேறு யாரும் இல்லையே.

பிளக் பாயின்ட் ஸ்விட்சை அணைக்காமல் போயிருக்கிறாள். டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து அதில் மாட்டினேன். ஓடுகிறது. இந்த மழைக்குளிரில் ஃபேன் யாருக்கு? நிறுத்த மனசு வரவில்லை.