கதையில் நடந்து வருபவன்

சித்திரபானு வருஷம், ஆவணி 7, ஞாயிறு. உத்தமபாளையம்.

இரங்கூனில் வாழ்ந்த ஆறாண்டுகளே என் நாவலுக்கு உயிரூட்டுகின்றன என்று இன்று காலைவரை பெருமிதம் கொண்டிருந்தேன். யுத்தத்திற்கு அஞ்சி, காடுமலை கடந்து, கால்நடையாக ஊர் திரும்பும் ஒரு கூலித் தொழிலாளியின் கதை அது. நேற்று ஓர் அத்தியாயத்தை அடுத்த வீட்டு முத்துப்பேச்சிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் கணவனும் இரங்கூனில்தான் இருந்தான். எட்டு மாதங்களாகக் கடிதமில்லை. யுத்தத்திற்கு முன் ஊர் திரும்ப இரங்கூனில் நான் கப்பலேறிய நாளில் என் பெட்டியைச் சுமந்தவன் அவன். கதாநாயகனின் நடையையும் தலைப்பாகையையும் அவனிடமிருந்தே எடுத்தேன்.

இன்று அவள் மாரியம்மனுக்கு மாவிளக்கு ஏற்றிவிட்டு எனக்கும் ஒரு பங்கு கொணர்ந்தாள்.

“யக்கா, அவுக இப்ப எந்த மலைகிட்ட வந்திருக்காக?”

“அது கற்பனை, பேச்சி.”

“போங்கக்கா. அங்கன இருந்தவுக, உங்களுக்குத் தெரியாதாக்கும்? அந்தத் தலைப்பாக்கட்டு அவுகதான். நாளைக்கு மிச்சத்தை வாசிங்க. எப்ப வாராகன்னு தெரிஞ்சா வீட்டுக்கு வெள்ளையடிக்கணும்.”

அவள் போனபின் கையெழுத்துப் பிரதியை எடுத்துப் புரட்டினேன். அடுத்த அத்தியாயத்தை எழுதி முடித்து மாதமொன்றாகிறது. அதில் அவன் ஆற்றைக் கடக்கவில்லை; வெள்ளம் அவனைக் கொண்டுபோகிறது. மாற்றி எழுதினால் அவள் வீட்டுக்கு வெள்ளையடிப்பாள். மாற்றாமல் வாசித்தால், தாலியை…

மாவிளக்கு மாவில் இன்னும் நெய் மணக்கிறது. நான் உண்ணவில்லை.