வரதராஜா தூக்கிய சருவம்

2024 மார்ச் 4, திங்கள்

தமிழ் மண்டபக் கட்டடக் குழு இன்று எங்கள் மெல்பேர்ண் மல்கிரேவ் அலுவலகத்துக்கு வந்தது. வரைபடம் என்னுடையது, எட்டு மாத வேலை. அவர்கள் பேசியதெல்லாம் என் முதலாளி இங்கெரோடு. எண்பத்தொரு வயது, சுவீடனில் தன் ஊரின் முதல் பெண் கட்டடக் கலைஞர், அதற்கும் மேலாக வெள்ளைக்காரி. போதாதா? தலைவர் வரதராஜா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "தங்கச்சி, தேத்தண்ணி கிடைக்குமோ?"

மார்ச் 12

சாப்பாட்டு மண்டபத்தை ஒட்டி நான் வைத்த குசினியை மாற்ற வேண்டுமாம். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாஸ்துக்காரர் வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டார்: தென்கிழக்கு, அக்கினி மூலை. இந்தக் காணியில் அது கார் பார்க்குக்கு அப்பால். மெல்பேர்ண் மழையில் சோறு சுமக்கப்போவது யார்? குழுவின் ஒன்பது ஆம்பிளைகளில் ஒருவராவது வாழ்நாளில் கரண்டி தூக்கியிருப்பாரா? மரமண்டைகள்.

மார்ச் 19

எந்தத் திட்டத்தையும் நிலத்தில் சோக்கால் கீறி, ஆட்களை அதில் நடக்கவைப்பது இங்கெரின் பழக்கம். இன்று அலுவலகக் கார் பார்க்கில் கீறினோம். என் வீட்டுச் சருவத்தில் முட்ட முட்டத் தண்ணீர் நிரப்பி, வரதராஜாவிடம் கொடுத்து, அக்கினி மூலையிலிருந்து பந்தி வரை நடக்கச் சொன்னார் இங்கெர். மூன்றாம் நடையில் சப்பாத்தெல்லாம் தண்ணீர். மனுசன் இருக்கக் கதிரை கேட்டார்.

"மேடம் சொல்லுறது சரிதான். குசினி முந்தின இடத்திலயே இருக்கட்டும்."

மேடமாம்! பத்துத் தரம் சொன்னவள் நான்.

2025 செப்டம்பர் 2

திறப்புவிழா அழைப்பிதழ் வந்தது. வடிவமைப்பு: இங்கெர். என் பெயர் எங்குமே இல்லை. வரதராஜாவிடம் கேட்டேன். "வெள்ளைக்காரியின்ர பேர் எண்டால் ஒரு மதிப்புத்தானே, தங்கச்சி."

த்தூ.

செப்டம்பர் 3

இங்கெரிடம் காட்டினேன். சிரிப்பார் என்றுதான் நினைத்தேன். இருபத்தாறு வயதில் அவர் வரைந்த நூலகத்தில் முதலாளியின் பெயரைப் பொறித்தார்களாம். "நான் வாயே திறக்கவில்லை. இன்றுவரை அதற்குள் போனதுமில்லை" என்றார். தன் பெயரை எடுத்து என் பெயரைப் போடும்படி குழுவுக்கு உடனே எழுதினார்.

செப்டம்பர் 10

எவருடைய பெயரும் வேண்டாமென்று குழு முடிவெடுத்துவிட்டதாம். கோழைகள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

திறப்புவிழாவுக்குப் போவதில்லை என்றிருந்தேன் — போனேன். வரதராஜாவின் நன்றியுரையில் பூக்கடைக்காரர்கூட இருந்தார், நான் இல்லை. எரிச்சலோடு குசினிக்குள் போனேன். சமையலுக்குப் பொறுப்பான யோகராணி அன்ரி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஆர் பிள்ளை குசினியை இப்பிடிக் கிட்டடியில வைச்சது? கால் நோகவேயில்லை."

"நான்தான், அன்ரி."

"அப்ப இந்தச் சிங்கை ஏன் இவ்வளவு பதிவா வைச்சனீ? குனிஞ்சு குனிஞ்சு நாரி முறியுது."

அளவு நாடாவை எடுத்து அளந்தேன். அன்ரி சொன்னது சரி. பிழை என்னுடையது.