பார்லோ வீட்டுப் பங்கு

12 நவம்பர் 1967, பந்தல்குடி

ஆராதனை முடிந்து வந்ததும் தரகர் செய்தி சொல்லிவிட்டுப் போனார். இந்தப் பெண் வீட்டாரும் வேண்டாம் என்றுவிட்டார்களாம். "உங்க வீட்டுப் பேரு பார்லோன்னா எந்த ஊரு, எந்த ஆளுகன்னு கேக்காக. நான் என்னத்தச் சொல்ல கம்பவுண்டரய்யா?"

அவரைக் குறை சொல்லி என்ன? எனக்கே தெரியாது. நாற்பது வயதாகப் போகிறது. நாம் வெள்ளைக்காரர் வம்சம் என்று சொல்லிச் சொல்லி, தெருப்பிள்ளைகளோடு சேரவிடாமலே அப்பா என்னை வளர்த்தார். அடுப்புக்கரி நிறத்தில் இருந்துகொண்டு நானும் அதை நம்பினேன். ஊர் எனக்கு வைத்த பெயர் கருப்புத் துரை.

13 நவம்பர்

சமைக்கவில்லை.

2 டிசம்பர்

மதுரை நூல்நிலையத்தில் ஆங்கிலேயக் குடும்பப் பெயர்களுக்கென்றே ஒரு தடிப்புத்தகம் இருக்கிறது. பார்லோ என்பது அங்கே ஊர்ப்பெயராம். பார்லி விளைந்த மேட்டில் குடியிருந்தவர்கள் அந்தப் பெயரோடு எங்கெங்கோ பிழைக்கப் போயிருக்கிறார்கள். அவர்களுக்காவது ஒரு மேடு இருக்கிறது. திரும்பும்போது பஸ்ஸிலிருந்து கம்பங்காட்டைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இதைப் போய் யாரிடம் சொல்ல?

24 டிசம்பர்

அருப்புக்கோட்டை போய்ப் போதகர் இன்பராஜிடம் கேட்டேன். அவர் தகப்பனாரும் மிஷனில் இருந்தவர். தாது வருஷப் பஞ்சத்தில் மிஷன் எடுத்து வளர்த்த பிள்ளைகளுக்குச் சீமையிலிருந்து ஆளுக்கொரு குடும்பம் பணம் அனுப்பிச் சோறு போட்டதாம். போடுகிறவர்கள் பெயரையே பிள்ளைக்கும் வைத்துவிடுவார்களாம்.

"பார்லோ வீட்டார் உங்க தாத்தாவக் கண்ணால பாத்ததுகூட இல்ல தம்பி. ரெட்டியபட்டிப் பக்கம் கம்மாக்கரையில கெடந்த பிள்ளை. பேரு சொல்லத் தெரியாத வயசு."

அப்பா, இது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? எவன் பேரையோ தூக்கிக்கிட்டு இம்புட்டு வருசம் ஒத்தையில கெடந்தேனே — நாளைக்குக் கிறிஸ்துமஸ். வீட்டுக்கு வர ஒருத்தரும் இல்லை.

9 பிப்ரவரி 1968

எம்.ரெட்டியபட்டி சோலைச்சாமி, மண்வெட்டி பட்ட காலுக்குக் கட்டுப் போட வந்தார். சிவராத்திரிக்குள் ஆறிவிடுமா என்று கேட்டார். மறுநாள் குலசாமிக்குக் கிடா வெட்டி, ஒவ்வொரு குடும்பத் தலைக்கட்டுக்கும் ஒரு பங்கு கறி பிரிப்பார்களாம். ஒரு பங்கு மட்டும் ஓலைக்கொட்டானில் மரத்தடியில் கிடக்குமாம். தாது வருஷத்தில் காணாமல் போன ஒரு பையனுடையது.

"கடைசியில நாய்தான் திங்கும். அதுக்காக வைக்காம இருக்க முடியுமா?"

கட்டை முடித்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். தாத்தா கதையைச் சொன்னேன்.

"அந்த வருசம் எத்தனையோ வீட்டுல புள்ள போயிருக்கு. நீங்க எங்க ஆளுன்னும் சொல்ல மாட்டேன், இல்லைன்னும் சொல்ல மாட்டேன். பங்கு சும்மாதான கெடக்கு. வாங்க."

20 பிப்ரவரி

சாமிக்குப் படைத்ததைச் சாப்பிடலாமா? போதகரிடம் கேட்கவில்லை. கேட்டால் கூடாது என்பார்.

27 பிப்ரவரி

போனேன். ஓரமாக நின்றேன். பூசாரி ஒவ்வொரு தலைக்கட்டாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பங்கு கொடுத்தார். கடைசியில் "போன பிள்ளை" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மரத்தடிக்குத் திரும்பினார். சோலைச்சாமி என் முதுகில் கைவைத்தார்.

"வந்துட்டேன்" என்றேன்.

பூசாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. கொட்டானை என் கையில் கொடுத்துவிட்டுக் கத்தியைக் கழுவப் போனார்.

மரத்தடியில் காத்திருந்த நாய் பஸ் நிற்கும் இடம்வரை என் பின்னாலேயே வந்தது. அதன் பங்கைத்தானே எடுத்துக்கொண்டு போகிறேன். ஒரு துண்டு போட்டேன்.

வீட்டுக்கு வந்து குழம்பு வைத்தேன். உப்பு கூடிவிட்டது. மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.