கீழே இடது மூலை

என் பிரியமான எஸ்தர் அக்கா,

சென்ற ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்த கையோடு, நம் குடும்பம் வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த முடிவொன்றை எடுத்தது. வீட்டுக் கணினியில் இருந்த திருட்டு இயங்குதளத்தை நீக்கிவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போடுவது. ஆதரவு ஒன்று, நான். எதிர்ப்பு ஒன்று, அம்மா. தலைவர் என்ற முறையில் இன்னொரு வாக்கையும் நானே போட்டேன்.

வேறு வழியில்லை. மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தபோது நீ வாங்கிக் கொடுத்த கணினி, வைரஸ் புகுந்து பாதியில் நின்றுபோகிறது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் என் பக்கத்து மேசை அன்வர் மூன்று சிடி கொடுத்தார். மூன்றும் மூன்று வகை லினக்ஸ்.

"ஏதாவது ஒண்ணைப் போடுங்க தோஸ்த். எல்லாம் ஒண்ணுதான். ஜாஸ்தி யோசிச்சா பேஜாரு."

ஒன்றல்ல அக்கா. முதல் சிடியில் மெனு பொத்தான் மேலே இருந்தது. அம்மா சுவரைப் பார்த்தாள். கணினியைப் பயன்படுத்த நீ எழுதி ஒட்டிய தாள் இன்னும் அங்கேதான் இருக்கிறது. 'கீழே இடது மூலையில அழுத்தும்மா. பயப்படாதே, வெடிக்காது.'

"அவ கீழன்னு எழுதியிருக்கா. இது இன்னாடா மேல இருக்குது?"

"எங்க இருந்தா இன்னாம்மா?"

"அப்ப அவ எழுதினது தப்பா?"

கணினி இதழ்கள் எதிலும் இதற்குப் பதில் இல்லை.

இரண்டாவது சிடி முழுக்கத் தமிழ். அதில் 'உலாவி' என்றிருந்தது. நீ எழுதியிருப்பது 'இன்டர்நெட்'. அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

மூன்றாவதில் பொத்தான் கீழே, இடது மூலையில் இருந்தது. பெயர்களை மாற்றி, நீ எழுதிய வரிசையில் அடுக்கினேன். வேகம், பாதுகாப்பு என்று வல்லுநர்கள் சொல்லும் எதையும் சோதிக்கவில்லை. உன் கையெழுத்தோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்த்தேன். அதைத்தான் தேர்ந்தெடுத்தேன்.

ஏழு மாதத்துக்கு முன், உன்னை விமானத்தில் கொண்டுவந்து அடக்கம் செய்த அன்றே, அந்தத் தாளைக் கிழிக்கப் போனேன். கை வரவில்லை. கிழித்திருக்க வேண்டுமா, அக்கா? கிழித்திருந்தால் அம்மாவிடம் யார் சொல்வது?

இனி எந்தக் கணினி வந்தாலும் அந்தத் தாளுக்குப் பொருந்துகிற மாதிரிதான் வைப்பேன். இது சத்தியம்.

தாளின் கடைசி வரி, 'என்கிட்டருந்து மெயில் வந்திருக்கான்னு பாரு.' அம்மா தினமும் காலை டீ குடித்ததும் எல்லா வரிகளையும் ஒழுங்காகச் செய்கிறாள். இன்றும் செய்தாள்.

உன் உடன்பிறந்தவன்,
சாமுவேல்