நாற்பத்தோராம் காட்சி

ஜூன் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் ‘ம்’ மட்டும் கொட்டுகிறேன், எழுதினால்தான் வாய் திறக்கிறேன் என்கிறீர்கள். சரி, எழுதுகிறேன். படப்பிடிப்பில் வேளைக்குச் சாப்பிடுங்கள். அம்மா எழுதச் சொன்னாள் என்று நான் சொல்லக் கூடாதாம்.

வகுப்பில் என் பக்கத்தில் ஒருத்தி உட்காருகிறாள், சுருட்டை என்று கூப்பிடுவோம். நீங்கள் இயக்கிய பள்ளிக்கூடப் படங்கள் அத்தனையும் அவளுக்கு வசனத்தோடு மனப்பாடம். “பெரியவங்கள்ல உங்கப்பாவுக்கு மட்டும்தான்டி நம்ம மனசு தெரியுது” என்பாள். தினமும் பள்ளி விட்டதும் கேட் பக்கம் நின்று அவள் அப்பாவோடு போனில் பேசுவாள், சிரிப்பாள், கோபித்துக்கொள்வாள். நேற்றுதான் சொன்னாள்: அந்த போனில் சிம்மே இல்லை. வீட்டை விட்டுப் போன அப்பா ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை. மற்ற பெண்கள் பார்க்கத்தான் அந்தப் பேச்சு. இது உங்களுக்கு மட்டும்.

உங்கள் எறும்பு


ஆகஸ்ட் 2

என் எறும்புக்கு,

புதுப் படத்தின் திரைக்கதைப் பக்கங்களை அனுப்பியிருக்கிறேன். பிள்ளைகள் இப்படித்தான் பேசுவார்களா என்று பார்த்துச் சொல். என் வசனத்துக்கு நரை விழுந்துவிட்டது என்று உதவி இயக்குநர்கள் முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறார்கள். நாற்பத்தோராம் காட்சியை முதலில் படி.

அப்பா


ஆகஸ்ட் 7

அப்பாவுக்கு,

படித்தேன். கேட், போன், சிம் இல்லாதது எல்லாம் அப்படியே இருக்கிறது. உங்களுக்கு எப்படி எங்கள் மனசு தெரிகிறது என்று அவள் அதிசயப்படும்போதெல்லாம் பெருமையோடு வாயை மூடிக்கொண்டிருந்தவள் நான். உங்களுக்குச் சொல்வது நான்தான் என்று இனி அவளுக்குத் தெரிந்துவிடும். தயவுசெய்து அந்தக் காட்சியை எடுத்துவிடுங்கள்.

மற்ற வசனம் பரவாயில்லை. ஒருத்தியும் இன்னொருத்தியை ‘தோழி’ என்று கூப்பிடுவதில்லை.

எறும்பு


ஆகஸ்ட் 20

எறும்புக்கு,

மூச்சுவிட நேரமில்லை. நாற்பத்தோராம் காட்சியை எடுத்துவிட்டேன். இனி அந்தப் பேச்சு வேண்டாம். படம் வந்ததும் இரண்டு டிக்கெட் அனுப்புகிறேன், சுருட்டையையும் கூட்டிப் போ.

அப்பா


டிசம்பர் 11

அப்பா,

எடுத்துவிட்டேன் என்று எழுதினீர்களே. நீக்கிவிட்டீர்கள் என்று நம்பி, நானே அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உட்காரவைத்தேன். அந்தக் காட்சி வந்ததும் தியேட்டரே விசும்பியது. சுருட்டை அழவில்லை. என் பக்கம் திரும்பி, “நீதானா?” என்றாள். எழுந்து போய்விட்டாள். இன்று வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

உங்களுக்கு எழுதியவள் நான். கோபம் உங்கள் மேலா, என் மேலா என்று பிரிக்கத் தெரியவில்லை.


டிசம்பர் 18

என் எறும்புக்கு,

நான் பொய் சொல்லவில்லை அம்மா. எங்கள் தொழிலில் எடுப்பது என்றால் படம்பிடிப்பது. நீ வேறு மாதிரிப் படிப்பாய் என்று தெரிந்தேதான் எழுதினேன். நேராகச் சொன்னால் சண்டை பிடித்திருப்பாய். திரையில் தன்னைப் பார்த்தால் அந்தப் பெண்ணுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

போகிற இடமெல்லாம் அந்தக் காட்சியைத்தான் பேசுகிறார்கள். கோபம் ஆறியதும் எழுது. உன்னிடம் திரும்பி வந்தாளா? என்ன சொன்னாள்? அவள் வார்த்தையிலேயே எழுது.

அப்பா


டிசம்பர் 22

அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். தேர்வு முடிந்தது.

சுருட்டை வந்தாள். மைதானத்துப் படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். முதலில் திட்டினாள். பிறகு நிறையப் பேசினாள். அத்தனையும் அவள் வார்த்தையிலேயே எனக்கு நினைவிருக்கிறது.

எழுத மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகள்