முதுகு காட்டி நடப்பவன்

கீழ்வீட்டுக்காரர் இன்று கேற்றுக்குப் பெயின்ற் அடிக்கிறார். டர்பன்டைன் மணம் படியேறி வந்து ஹோலுக்குள் நிற்கிறது. நீ கண்ணை மூடி ஒரு வருடமாகப் போகிறது. இந்த மணம் வந்தால் இன்னும் உன் தூரிகைகளைக் கழுவி வைக்கத்தான் எழும்புகிறேன்.

உன் கடைசிப் படம் என்னைப் போட்டுக் குழப்புகிறது. நம் கொட்டாஞ்சேனைச் சந்தி, பஸ் தரிப்பிடம். போர்த்துக்கீசச் சிப்பாய் ஒருவன் வேர்வை வழியத் தொப்பியால் விசிறிக்கொண்டு நிற்கிறான். அவனுக்குப் பக்கத்தில் போன் பார்க்கும் பள்ளிக்கூடப் பெட்டை. புதுத் தாமரைக் கோபுரத்தின் பக்கமிருந்து பழைய ட்ராம் ஒன்று வருகிறது. பின்னால், எண்பத்துமூன்று கலவரத்தில் எரிந்த தையல் கடை இன்னும் எரிகிறது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருவன் மட்டும் சாப்பாட்டுப் பெட்டியோடு, நமக்கு முதுகு காட்டி, அந்தத் தீயின் பக்கம் நடக்கிறான். கோடு போட்ட சேர்ட். நீ தைத்துத் தந்தது. அது நான்தான்.

"ஏன் எல்லாக் காலத்தையும் ஒண்டாப் போட்டனீ?" என்று நீ அதைக் கீறும்போது கேட்டேன்.

"எனக்கு அப்பிடித்தான் தெரியுது."

"நான் எங்க போறன்?"

"வடிவாப் பாருங்கோ."

பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அந்தக் கடையைத் தாண்டித்தான் நம் வீடு. நான் வேலை பார்த்த துறைமுகமும் அந்தப் பக்கம்தான்.

கலவரத்தின்போது நான் துறைமுகக் கந்தோருக்குள் அகப்பட்டுக் கிடந்தேன். நீ கைக்குழந்தையாயிருந்த மகளோடு தனியே. ஊரடங்கு தளர்ந்ததும் நடந்தே வந்து கதவைத் தட்டினேன்.

"ஆர்?"

"நான்தான்."

கதவு உடனே திறக்கவில்லை. திறந்தபோது நீ அழவுமில்லை. "சாப்பிட்டனீங்களோ?" என்று மட்டும் கேட்டாய். அதன் பிறகு நாம் அந்த நாளைப் பற்றிக் கதைத்ததே இல்லை.

போன மாதம் மகள் உன் படங்களைக் கொள்ளுப்பிட்டியில் ஒரு கண்காட்சிக்குக் கொண்டுபோனாள். படங்களுக்குக் குறிப்பு எழுதும் பிள்ளை என்னிடம் வந்தாள்.

"அங்கிள், இவர் வேலைக்குப் போறாரா, வீட்டுக்கு வாறாரா? ஒரு வரி எழுதோணும்."

மகள் முந்திக்கொண்டாள். "வீட்டுக்கு வாறார். கடை எரியுதெல்லோ. அப்பா வேலைக்குப் போன காலமை அது எரியேல்ல."

"எல்லாக் காலமும் ஒண்டா நிக்கிற படத்தில காலமை எது, பின்னேரம் எது, பிள்ளை?" என்று மகளைக் கேட்டேன்.

அந்தக் கடை எரிந்ததை மகள் எந்த வயதில், யார் சொல்லி அறிந்தாள்? நான் சொன்னதில்லை. உன்னிடம் கேட்கவும் வழியில்லை.

"அப்ப என்ன எழுதுறது, அங்கிள்?"

"ஒண்டும் வேண்டாம். கீறின அவவும் எழுதேல்லைத்தானே."

உன் பெயரை மட்டும் போட்டுத் தொங்கவிட்டார்கள்.

இப்போது படம் வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசைக்கு எதிரே இருக்கிறது. சில நாள் படத்தில் அவன் வேலைக்குப் போகிறான். சில நாள் வீட்டுக்கு வருகிறான். எதனால் மாறுகிறதென்று விளங்கவில்லை. அன்று கதவுக்கு அந்தப் பக்கம் நின்ற சிறு நேரத்தில் நீ என்ன நினைத்தாய் என்பதும் விளங்கவில்லை. அவன் வருகிற நாள்களில் எனக்குச் சோறு இறங்குகிறது.