பதினோரு மணி விலை

மார்ச் 4

ஓய்வுபெற இன்னும் எட்டு வாரம். கேன்டீனில் இளசுகள் என் பிரிவுபசாரத்துக்குப் பேச்சு தயாரிக்கிறார்கள். "நம்ம பஞ்சாங்கம் சார் முப்பத்தொரு வருஷத்துல ஒரு நாள்கூட விட்டதில்ல" என்று ஆரம்பிக்கப் போகிறார்களாம்.

பஞ்சாங்கம் நான்தான். பக்கத்து நாட்டுப் பணம் ஒன்றுக்கு நம் பணத்தில் அன்றன்று என்ன விலை என்று பதிவது என் பிரிவு. எந்தத் தேதியைக் கேட்டாலும் பேரேட்டைப் பார்க்காமல் சொல்வேன். அதனால் அந்தப் பேர்.

ஒரு நாள்கூட விட்டதில்லையாம். சிரித்து வைத்தேன்.

மார்ச் 9

ஒரு அம்மா வந்தார். தையல் கடை வைத்திருக்கிறார், விரல் நுனியெல்லாம் ஊசித் தழும்பு. கணவர் பக்கத்து நாட்டுக்குக் கட்டட வேலைக்குப் போன இடத்தில் சாரம் சரிந்து இறந்துவிட்டார். பத்தொன்பது வருஷ வழக்கு. அந்த நாட்டுப் பணத்தில் அறுபதாயிரம் நஷ்டஈடு. இறந்த நாளின் விலையில் நம் பணமாகக் கொடுக்க வேண்டும் என்று கோர்ட் சொல்லிவிட்டது. அதற்கு எங்கள் பேரேட்டின் சான்று நகல் வேண்டும்.

"என்ன தேதிம்மா?"

சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எத்தனையோ ஆயிரம் நாள் இருக்க, அந்த நாள்தானா?

41.20 என்று எழுதி, முத்திரை குத்தி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

"ரொம்ப நன்றிங்க. ஒரு ஆபீஸ்லயாவது ஒரே நடையில வேலை முடிஞ்சுதே" என்றார்.

மார்ச் 10

எழுதித் தொலைக்கிறேன், இங்கேயாவது.

அப்போதெல்லாம் இந்த வேலைக்கு நான் ஒருவன்தான். தினமும் பதினோரு மணிக்குப் பணம் மாற்றும் கடைகள் மூன்றுக்குப் போன் போட்டு விலை கேட்பேன். நடுவில் இருப்பதுதான் அன்றைய விலை. அந்த நாள் நான் போன் போடவில்லை. பத்து மணிக்கே நழுவிப் போய், தள்ளுபடி விற்பனையில் ஃபிரிட்ஜ் வாங்க வரிசையில் நின்றேன். மூன்று மணிக்கு வந்து, முந்தின நாள் விலையையே எழுதி அனுப்பினேன். ஒரு நாளில் என்ன மாறிவிடப் போகிறது?

அன்று காலையிலேயே நம் பணம் சரிந்திருந்தது. மறுநாள் அதிகாரி கேட்டபோது, "பதினோரு மணி வரைக்கும் அப்படியேதான் சார் இருந்துச்சு, மத்தியானத்துக்கு மேலதான் விழுந்துச்சு" என்றேன். வாய் கூசவில்லை.

அது சோம்பேறித்தனம். நேற்று செய்தது? அதற்கு என்ன பேர்?

மார்ச் 11

கணக்குப் போட்டேன். மறுநாள் விலை 46.90. அந்த நாளின் உண்மை விலையும் கிட்டத்தட்ட அதுதான் என்று வைத்தால், நான் கொடுத்த 41.20-ஆல் அந்த அம்மாவுக்கு மூன்று லட்சத்துக்கு மேல் நஷ்டம். ஃபிரிட்ஜில் எனக்கு மிச்சமானது ஆயிரத்து இருநூறு.

மார்ச் 14

மூன்று கடைக்காரர்களில் ஒருவர்தான் உயிரோடு இருக்கிறார். மாடிப்படிக்குக் கீழே அதே கடை. தினசரி விலை எழுதிய பழைய நோட்டுகளை இன்னும் வைத்திருக்கிறார். தேதியைச் சொன்னேன். புரட்டக்கூட இல்லை.

"அன்னைக்கு நீங்க போன் பண்ணல. ஊரே அல்லோலகல்லோலப்படுதே, நம்ம சார் கேக்கலையேன்னு நானே மூணு தடவ அடிச்சேன். யாரும் எடுக்கல. வீட்ல யாருக்கோ முடியலபோலன்னு நெனச்சுக்கிட்டேன்."

பிறகு எடுத்துக் காட்டிய நோட்டில் 46.85 என்று இருந்தது. காலை பதினொன்று என்று பக்கத்திலேயே நேரம்.

வீட்டில் யாருக்கும் ஒன்றும் இல்லை என்று அவரிடம் சொல்லாமலே நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

மார்ச் 16

டைரக்டரிடம் சொன்னேன். என் மகள் வயசு. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சார், கோர்ட் கேட்டது நம்ம பேரேட்டுல இருக்கற விலைய. நீங்க அன்னைக்கு எங்க இருந்தீங்கன்னு யாரும் கேக்கல. இன்னும் ஆறு வாரம். பல்லக் கடிச்சுக்கிட்டு கெளம்பிடுங்க. பென்ஷன்ல கை வச்சிருவாங்க சார்."

நல்ல மனசோடுதான் சொன்னார்.

மார்ச் 17

இன்று முழுக்க டைரக்டர் சொன்னதே நியாயம் என்று பட்டது. சாயங்காலம் மனைவி ஃபிரிட்ஜைத் துடைத்துக்கொண்டே, "பத்தொம்பது வருஷம், ஒரு ரிப்பேர் உண்டா? உங்க வாழ்க்கையிலயே உருப்படியா செஞ்ச காரியம் இதுதான்" என்று கேலி பேசினாள். எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விட்டேன். சீ, என்ன பிறவி நான்?

மார்ச் 20

கடிதம் கொடுத்துவிட்டேன். கோர்ட்டுக்கு ஒன்று, டைரக்டருக்கு ஒன்று. கடைக்காரர் நோட்டோடு வந்து சாட்சி சொல்வதாக ஒப்புக்கொண்டார். "இதுக்கா சார் இப்படி முகம் வாடியிருக்கு?" என்றார். ஆமாம், இதற்குத்தான்.

ஏப்ரல் 8

விசாரணை தொடங்கிவிட்டது. பென்ஷன் அது முடியும்வரை கிடையாது. கேன்டீனில் நான் போனால் பேச்சு நிற்கிறது. பஞ்சாங்கம் என்று யாரும் கூப்பிடுவதில்லை. அது கேலி என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். வீட்டில் மட்டும் இன்னும் மூச்சுவிடவில்லை.

ஏப்ரல் 30

கடைசி வேலை நாள் கோர்ட்டில் கழிந்தது. 46.85 ஏற்கப்பட்டது. பேரேட்டில் அந்தத் தேதிக்கு நட்சத்திரக் குறி போட்டு, அடியில் 'அன்று விலை கேட்கப்படவில்லை, பின்னர் திருத்தப்பட்டது' என்று என் கையாலேயே எழுதிவிட்டுப் போயிருந்தேன்.

வெளியே வராந்தாவில் அந்த அம்மா நேரே வந்தார். மன்னிப்புக் கேட்க நினைத்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"அன்னைக்கு எங்க போயிருந்தீங்க?"

"ஃபிரிட்ஜ் வாங்கம்மா."

திட்டினால் தேவலை என்றிருந்தது.

"இன்னும் ஓடுதா?"

"ஓடுதும்மா."

தலையாட்டினார். பையைத் திறந்து, நான் முத்திரை குத்திக் கொடுத்த அந்தப் பழைய நகலை எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். மடிப்பு கலையாமல் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி ஃபிரிட்ஜைத் திறந்து ஜில்லென்று தண்ணீர் எடுத்து நீட்டினாள். குழாய்த் தண்ணீர் போதும் என்றேன்.

"என்னாச்சு உங்களுக்கு?"

உட்காரச் சொன்னேன்.